வெளியேறும் வாசல்: முகவரி வீச்சுகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

வேலி என்றதும் உள்ளே வருகிறவனைத் தடுப்பதுதான் நம் ஞாபகத்துக்கு வரும். அகழி, மதில், வாயிற்காவலன் என்று நமது வேலிச் சொல்லாடல் முழுக்க வெளியிலிருந்து வரும் 'மற்றவர்' பற்றியது. வெளியே போகிறவரைத் தடுக்கும் வேலி பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. பட்டி, கொட்டடி, தோட்டத்து லயம், சிறை என்று அதற்கும் நீண்ட வரலாறு உண்டு. கணினி வலைப்பின்னலிலும் கதை இப்படித்தான் நடந்திருக்கிறது. முதலில் உள்ளே வரும் வழியைக் காத்தார்கள். வெளியேறும் வழி ரொம்ப நாள் சும்மா திறந்து கிடந்தது. பிறகு அதையும் அடைக்க ஆரம்பித்தார்கள். அடைப்பதற்குக் கையில் எடுத்த கருவி முகவரி வீச்சு: இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை போகலாம், மற்றதெல்லாம் கூடாது.

இலக்கியமும் அரசியலும் பேசுகிற பத்திரிகையில் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் எழுதுவது, சேமிப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் இன்று பெரும்பாலும் யாரோ ஒருவரின் சர்வர் கூட்டத்துக்குள் போய்த்தான் சேர்கிறது. அங்கே எழுதப்படும் விதிகளையும், அரசு நம்மீது எழுதும் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டின் இலக்கணமும் ஒன்றாக இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது, இலக்கணம் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

2

1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம் இணைய முகவரிக்கு 32 'பிட்' என்று அளவு வைத்தது. கணக்குப் போட்டால் மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள். அவற்றை ஏ, பி, சி என்று மூன்று 'கிளாஸ்'களாகப் பிரித்து விநியோகித்தார்கள். ஏ வாங்கியவருக்கு 1,67,77,216 முகவரிகள்; பி வாங்கியவருக்கு 65,536; சி வாங்கியவருக்கு 256. இந்தக் 'கிளாஸ்' என்பதை வர்க்கம் என்று மொழிபெயர்த்தாலும் தப்பில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு 18 என்று தொடங்கும் முகவரி அத்தனையும் போயிற்று. ஃபோர்டு கார் கம்பெனிக்கு 19 என்று தொடங்குவது அத்தனையும்.

256 போதாதவர்களெல்லாம் 65,536 கேட்டார்கள். பி வகுப்பு தீர்ந்துபோகும் நிலை வந்தது. கூடவே, வழிகாட்டும் ரூட்டர்களின் பட்டியலும் ஊதிப் பெருத்தது. இதற்கு மாற்றாக 1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1519 மூலம் வந்ததுதான் 'சைடர்' என்ற முறை. வகுப்பு ஒழிந்து, சாய்கோடு வந்தது. முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, முன்னால் எத்தனை பிட் மாறாமல் நிற்கும் என்று எழுதினால் போதும். 10.0.0.0/8 என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் முகவரிகள். /24 என்றால் 256. /32 என்றால் ஒரே ஒரு முகவரி. 0.0.0.0/0 என்றால் உலகம் மொத்தமும்.

இது போலீஸ் வேலைக்காகப் பிறந்த குறியீடு இல்லை. ரூட்டரின் சுமையைக் குறைக்கப் பிறந்தது. ஆனால் ஒரு கூட்டத்தை ஒற்றை வரியில் சுட்ட முடிகிறது என்று ஆகிவிட்டால், அந்த வரி எதற்கு வேண்டுமானாலும் பயன்படும். காலனிய ஆட்சியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இங்கே சாதிகளை எண்ணியபோது நடந்ததும் இதுதான். எண்ணுவதற்காக வரைந்த கட்டம் ஆள்வதற்கான கட்டமாகவும் ஆயிற்று.

3

1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் புழு இணையத்துக்குள் ஊர்ந்து, ஆயிரக்கணக்கான எந்திரங்களை முடக்கியது. அதற்கு முன்பின்னாக டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் ஜெஃப் மொகுல் போன்றவர்கள் பாக்கெட்டுகளை முகவரி பார்த்து வடிகட்டும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பில் செஸ்விக் 1990இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய காப்பை மேலே கடினமாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் மிட்டாய்க்கு ஒப்பிட்டார். உள்ளே இருப்பவன் நம்மவன், அவன் எங்கே போனாலும் கேள்வியில்லை என்பது அந்தக் காலத்துக் கருத்தியல்.

வெளிப்போக்கைக் கட்டுப்படுத்தும் சிந்தனை முதலில் வந்தது பிறர் நலனை முன்னிட்டு. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் பொய் முகவரி போட்ட பாக்கெட்டுகளின் வெள்ளத்தில் மூழ்கியது. யார் அனுப்பினார்கள் என்று பிடிக்க முடியவில்லை. இதற்குப் பதிலாக 1998இல் ஃபெர்குசனும் சீனியும் ஒரு யோசனை எழுதினார்கள். 2000இல் அது ஆர்எஃப்சி 2827 ஆயிற்று. உனக்குக் கொடுத்த முகவரி வீச்சுக்குள் அடங்காத முகவரியைப் போட்டுக்கொண்டு எந்தப் பாக்கெட்டும் உன் வாசலைத் தாண்டக் கூடாது. உன் வாடிக்கையாளரின் வாசலிலேயே அதை நிறுத்து. நம் வீட்டுக் குப்பை அடுத்த வீட்டு முற்றத்தில் விழக் கூடாது என்கிற மாதிரியான விதி. இன்றுவரை எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடிப்பவருக்கு லாபம் இல்லை, லாபம் அடுத்தவருக்கு. அதுதான் காரணம்.

4

2013இல் டாக்கர் வந்தது. ஒரே எந்திரத்தின் லினக்ஸ் கருவைப் பங்குபோட்டுக்கொண்டு, தனித்தனி அறைகளில் இருப்பதாகப் பாவனை செய்யும் கன்டெய்னர்கள் பெருகின. அவற்றைக் கூட்டங்கூட்டமாக மேய்ப்பதற்கு 2014 ஜூனில் கூகுள் அறிவித்தது குபர்னெட்டிஸ். கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். இந்தக் கூட்டத்துக்கு 'கிளஸ்டர்' என்று பெயர். உள்ளே ஒவ்வொரு 'பாட்'டுக்கும் ஒரு முகவரி. பாட் சாகும், வேறு முகவரியோடு மறுபடி பிறக்கும். வெளியே போகும்போது பெரும்பாலும் அது தங்கியிருக்கும் எந்திரத்தின் முகவரியையே மாட்டிக்கொண்டு போகும். வெளியுலகுக்குப் பாட் என்று ஒன்று தெரியவே தெரியாது.

இங்கேயும் பழைய வரிசைதான். 'நெட்வொர்க் பாலிசி' என்ற விதி முதலில் உள்வரவுக்கு மட்டும் எழுதப்பட்டது. வெளிப்போக்குக்கான விதியும், முகவரி வீச்சைக் குறிப்பிடும் 'ஐபி பிளாக்' என்ற பகுதியும் 2017 செப்டம்பர் இறுதியில் வந்த 1.8 பதிப்பில்தான் சேர்ந்தன. செஸ்விக்கின் மிட்டாயிலிருந்து இங்கே வர 27 வருஷம்.

இந்த விதியின் இலக்கணத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். இயல்பு நிலையில் ஒரு பாட் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதன்மேல் வெளிப்போக்கு விதி ஒன்று விழுந்த மாத்திரத்தில், அதில் எழுதியிருப்பவை தவிர மற்ற எல்லாமே மூடிக்கொள்ளும். 'இங்கே போகாதே' என்று ஒரு வரி எழுத இந்த மொழியில் இடமே கிடையாது. அனுமதிகளை மட்டுமே எழுதலாம். ஒரு பெரிய வீச்சைத் திறந்துவிட்டு அதற்குள் சிறு வீச்சொன்றை விலக்கு என்று கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இங்கே மறுப்பு எழுதப்படுவதில்லை, எழுதாமல் விடப்படுவதே மறுப்பு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-க்குப் போகும் 53ஆம் போர்ட்டை எழுத மறந்துவிட்டால், அனுமதித்த இடத்துக்குக்கூடப் பெயர் சொல்லிப் போக முடியாது. தடுக்கப்பட்ட பாக்கெட் பெரும்பாலும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். உள்ளே இருக்கும் நிரல், கதவு சாத்தியிருக்கிறதா, எதிர்வீட்டில் ஆள் இல்லையா என்று தெரியாமல் காத்துக்கொண்டே கிடக்கும். இன்னொரு வேடிக்கை: கிளஸ்டரின் வலைப்பின்னல் பிளக்-இன் இந்த விதிகளை அமல்படுத்தாத ரகமாக இருந்தால், விதி ஏற்றுக்கொள்ளப்படும், ஆனா எதுவுமே நடக்காது. நமது சட்டப் புத்தகத்தில் இருக்கும் எத்தனையோ பாதுகாப்புச் சட்டங்கள் மாதிரி.

இவ்வளவு சிரமம் எதற்கு? 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியே தெரிந்தது. அதன் வழக்கமான தாக்குதல் முறையில், அனுப்பிய ஒரு வரியைப் பதிவு செய்த சர்வர் தானே எழுந்து, எதிராளியின் முகவரிக்குப் போய், தன்னைக் கொல்லும் நிரலை வாங்கிக்கொண்டு வந்தது. வெளியேறும் வாசல் மூடியிருந்த இடங்களில் அந்தப் பயணம் பாதியில் நின்றிருக்கும். 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 10.6 கோடிப் பேரின் தகவல்கள் போயின. அங்கே ஏமாற்றப்பட்ட சர்வர் ஒன்று 169.254.169.254 என்ற உள் முகவரிக்குப் போய்ச் சாவியை வாங்கித் தந்திருந்தது. அது கிளஸ்டர் இல்லை. ஆனாலும் உலகத்தையே திறந்துவிடும் விதிகளில்கூட இந்த ஒற்றை முகவரியை விலக்காக எழுதுவது இன்று கிளஸ்டர்களில் பழக்கமாகியிருக்கிறது. ஆகவே, 'கட்டுப்பாடு என்றாலே ஒடுக்குமுறை' என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த வேலி அங்கே பெயரும் கணக்கும் கிடக்கிற சாதாரண ஜனங்களையும் காக்கிறது.

5

ஆனா வீச்சு என்பது தெருவைப் பார்த்து ஆளை முடிவு பண்ணுவது. 'நீ எந்தத் தெரு?' என்ற கேள்வியின் நஞ்சு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மேகக் கணினி நிறுவனத்தின் வீச்சைத் திறந்தால், அங்கே வாடகைக்கு இருக்கும் நல்லவர், திருடர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் திறக்கிறோம். மூடினாலும் அப்படியே.

இந்தத் தெருக்கள் யார் கையில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2011 பிப்ரவரி 3 அன்று பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மையக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15இல் இந்தியா உள்ளிட்ட ஆசிய பசிபிக் பகுதியின் பதிவகமான ஆப்நிக் தன் கடைசி /8க்கு வந்து சேர்ந்தது. அதன்பின் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1024 முகவரிகள் என்று ரேஷன் வைத்தது. அதே 2011இல், திவாலான நார்டெல் கம்பெனியின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. எம்ஐடி தன் 18இன் ஒரு பகுதியை 2017இல் அமேசானுக்கு விற்றது. ஹாம் ரேடியோக்காரர்களின் பொதுச் சொத்தாகக் கருதப்பட்ட 44இன் கால்பங்கும், சுமார் 42 லட்சம் முகவரிகள், 2019இல் அமேசானுக்கே போயிற்று. தொடக்கத்தில் விலையில்லாமல் கிடைத்த புறம்போக்கு, வந்தவர் வளைத்துப் போட்ட பட்டாவாகி, பிறகு ரியல் எஸ்டேட் ஆகிவிட்ட கதை இது. நாம் எழுதும் வெளிப்போக்கு விதியின் ஒவ்வொரு வரியும் இந்த உடைமை வரைபடத்தின் மேல்தான் எழுதப்படுகிறது.

6

அரசுகள் இதே சாய்கோட்டை எடுத்தபோது என்ன ஆயிற்று? 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் மக்கள் யூடியூபுக்குப் போவதைத் தடுக்க, 208.65.153.0/24 தன்னிடம் இருப்பதாக ஓர் அறிவிப்பை உருவாக்கியது. அது நாட்டுக்குள் நிற்கவில்லை. ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக உலகத்துக்குக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது பெரிய வீச்சு, /22. இரண்டு அறிவிப்பு இருந்தால் சின்ன வீச்சையே ரூட்டர்கள் நம்பும். சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லாமல் போயிற்று.

2018 ஏப்ரல் 16இல் ரஷ்ய அரசு டெலிகிராமை முடக்கத் தொடங்கியது. செய்திகளைத் திறக்கும் சாவியை உளவுத்துறைக்குத் தர மறுத்தார்கள் என்பது குற்றம். டெலிகிராம் முகவரி மாறி மாறி ஓட, துரத்திய அரசு அமேசான், கூகுள் ஆகியவற்றின் வீச்சுகளை மொத்த மொத்தமாகச் சாத்தியது. சில நாளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள். சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் அடிபட்டன. டெலிகிராம் பெரும்பாலும் ஓடிக்கொண்டேயிருந்தது. 2020 ஜூன் 18இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். அரசு அதற்குள் வேறு பாடம் கற்றிருந்தது. 2019 நவம்பரில் அமலான சட்டத்தின்படி, பாக்கெட்டின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் பெட்டிகள் நிறுவனங்களின் வலைப்பின்னலுக்குள் வந்தன. வீச்சு தோற்ற இடத்தில் கண்காணிப்பு இன்னும் நெருங்கி வந்தது. வீச்சின் முட்டாள்தனத்தைக் கேலி பண்ணும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையம் முழுசாக வெட்டப்பட்டது. 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நீட்டிக்கக் கூடாது என்றது. மாதக் கடைசியில் 301 தளங்கள் கொண்ட அனுமதிப் பட்டியலோடு 2ஜி திரும்பியது. இது எண் வீச்சு இல்லை, தளங்களின் பட்டியல். ஆனால் இலக்கணம் பாட்டுக்கு எழுதிய அதே இலக்கணம்: எழுதாதது எல்லாம் மூடியது. இன்றைய தளம் எதுவும் ஒரே வீட்டில் சமைப்பதில்லை. படம் ஓரிடத்தில், எழுத்துரு ஓரிடத்தில், நிரல் ஓரிடத்தில். அந்த இடங்கள் பட்டியலில் இல்லாததால், பட்டியலில் இருந்த தளங்களே பல சரியாகத் திறக்கவில்லை. மார்ச் 4 வரை இது நீடித்தது.

7

டெலூஸ் 1990இல் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சின்னக் கட்டுரையில் கத்தாரியின் கற்பனை நகரம் ஒன்று வருகிறது. மின்னட்டையைக் காட்டினால் தடுப்பு திறக்கும். வீட்டை விட்டு, தெருவை விட்டு வெளியேறலாம். ஆனால் இன்ன நாளில், இன்ன நேரத்தில் அதே அட்டை மறுக்கப்படலாம். பூக்கோவின் சிறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே சுவர் கண்ணில் படுவதில்லை. வெளிப்போக்கு விதியை விளக்க இதைவிடப் பொருத்தமான படிமம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படிமத்தோடு நின்றுவிட்டால், கிளஸ்டரும் காஷ்மீரும் ஒன்று என்ற சோம்பேறித்தனத்தில் போய் விழுவோம்.

வித்தியாசம் குறியீட்டில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் உறவுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். கிளஸ்டரில் அடைபடுவது நிரல். நிரலுக்கு ஊர் கிடையாது, அம்மா கிடையாது. அங்கே விதி ஒரு கோப்பு. ஒழுங்காக நடக்கும் இடங்களில் குழுவில் யாரும் அதைப் படிக்கலாம், யார் எப்போது எந்த வரியைச் சேர்த்தார் என்று பார்க்கலாம், தப்பென்றால் மாற்றக் கேட்கலாம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 2009இல் வந்த தளத்தடை விதிகளில் 16ஆம் விதி, புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தடுக்கப்பட்டவருக்குத் தான் தடுக்கப்பட்டதே சத்தமில்லாமல் விழுந்த பாக்கெட்டாகத்தான் தெரியவருகிறது.

எனவே முகவரி வீச்சை எங்கே பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கலாம். எழுதியது யார்? அடைபடுகிறவர் அதை வாசிக்க முடியுமா? வாசித்துவிட்டு மறுத்துப் பேச இடம் உண்டா? நம் இயக்கங்களின் உறுப்பினர் பட்டியலும் புகார் மனுக்களும் கிடக்கும் சர்வர்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அங்கே வெளியேறும் வாசலை நாம் பூட்டியாக வேண்டும். பூட்டியதை எல்லோருக்கும் சொல்லியும் வைக்க வேண்டும். வேலி கட்டுவதா கூடாதா என்ற விவாதத்தை விட, கட்டிய வேலியின் கணக்கைப் பொதுவில் வைப்பது எப்படி என்ற விவாதம் இப்போது அவசியம். நண்பர்கள் தொடர்ந்து எழுதட்டும்.