வலி ஓரிடம், நோய் ஓரிடம்
(ஒரு கணிப்பொறி மெக்கானிக்கின் சரித்திரக் குறிப்புகள்)



மலர்க் குழுவினர் "உனக்குத் தெரிந்ததை எழுதுப்பா" என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஓடாத கம்ப்யூட்டரை ஓட வைப்பது. 1985-இல் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவன், அடுத்த வருஷமே சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்தேன். பிறகு மதுரையில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. வீட்டுக் கணிப்பொறிக்கு என்னென்ன வியாதி வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்ற சரித்திரத்தை, நான் பார்த்தும் படித்தும் அறிந்த வரையில் எழுதுகிறேன். கடைசியில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொள்வோம்.

பூச்சியில் தொடங்கிய கதை

1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியில் 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகள். ஓரளவு நிலைப்பட்ட பிறகும் ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒரு வால்வு போய்க்கொண்டிருந்ததாம். எது போயிற்று என்று தேடிப் பிடிப்பதே ஒரு வேலை.

அடுத்த வருஷம், 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 இயந்திரம் தகராறு செய்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி! அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். கோளாறைப் 'பூச்சி' என்று ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. நிஜப் பூச்சியே அகப்பட்டதால்தான் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் என் பங்குக்கு மதுரையில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளுக்குள் இருந்து எடுத்த பல்லிகளை ஒட்டி வைக்க ஒரு நோட்டுப் போதாது.

ரப்பர் வைத்தியம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஆரம்ப மாடலில் நினைவகம் 16 கிலோபைட். 1983-இல் வந்த எக்ஸ்.டி.யில் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க். இன்று செல்போனில் எடுக்கும் போட்டோ இரண்டு மூன்று வைத்தால் அது நிரம்பிவிடும்! நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதை ஏ.சி. ரூமில் வைத்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கர்ப்பக்கிருகம் மாதிரி.

அந்த மெஷின்களுக்கு ஒரு விசித்திர வியாதி. சிப்புகளைச் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். காலையில் ஆன் செய்தால் சூடு, ராத்திரி ஆஃப் செய்தால் குளிர். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, சிப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும். ஒருநாள் தொடர்பு விட்டுப்போய் மெஷின் நின்றுவிடும். வைத்தியம் என்ன? மூடியைத் திறந்து, ஒவ்வொரு சிப்பையும் கட்டைவிரலால் 'டக்'கென்று அமுக்க வேண்டியது. வகுப்பில் படித்த வெப்ப விரிவு சம்பளம் வாங்கித் தந்தது அப்போதுதான்.

பிறகு ரேம் குச்சிகள் வந்தன. கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் 'பீப் பீப்' என்று கத்தினால், பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் தகட்டில் அழுக்கு. கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து மாட்டினால் எழுந்து உட்காரும். "அண்ணே, ரெண்டு ரூவா ரப்பரத் தேச்சுட்டு நூறு ரூவா கேக்குறீங்களே?" என்று ஒரு தம்பி கேட்டான். "ரப்பர் ரெண்டு ரூவாதான் தம்பி, எங்க தேய்க்கணும்ங்கறது தொண்ணூத்தெட்டு" என்றேன். பழைய ஜோக்தான், ஆனால் உண்மை.

1984-இல் வந்த ஏ.டி. மாடலில் தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க ஒரு பேட்டரி சேர்ந்தது. அதில்தான் நான் பெரிய பாடம் படித்தேன். 'ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு' என்று அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் டிஸ்க் நன்றாக இருக்கும். பேட்டரி தீர்ந்து, தன்னிடம் எந்த வகை டிஸ்க் இருக்கிறது என்பதையே மெஷின் மறந்திருக்கும். தேதியும் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். வலி ஓரிடம், நோய் ஓரிடம். நாற்பது வருஷத் தொழிலின் சாரம் இந்த நாலு வார்த்தைதான்.

கரண்டும் சூடும்

'கேபினட்டைத் தொட்டா ஷாக் அடிக்குது சார்' என்பது நம்மூர்ப் புகார்களில் முதன்மையானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசியவிடும் சிறு மின்னோட்டம் எர்த் வழியாகப் போக வேண்டியது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் சொருகினால் அதற்குப் போக வழியில்லை. பெட்டியிலேயே காத்திருந்து, தொடுபவர் மேல் இறங்கும். நோய் கம்ப்யூட்டரில் இல்லை, சுவரில்! இன்னொன்று, எஸ்.எம்.பி.எஸ். பின்னால் இருந்த குட்டிச் சிவப்பு சுவிட்ச். அமெரிக்காவிலிருந்து மச்சான் ஆசையாய்க் கொண்டுவந்த கம்ப்யூட்டர் 115-இல் இருக்கும். நம் 230-இல் போட்டதும் 'டமார்'. சுவிட்சைப் பார்க்காத அரை நிமிஷத்துக்கு ஒரு பவர் சப்ளை தண்டம்.

அடுத்தது சூடு. 2000-த்தின் கடைசியில் வந்த பென்டியம் 4, அளவுக்கு மீறிச் சுட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்காரருக்கு அது தெரியாதே! "வாங்கும்போது பறந்துச்சு, இப்போ ஊருது. வைரஸா சார்?" என்பார். ஃபேனுக்கு அடியில் கம்பளிப் போர்வை மாதிரி தூசி படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டி, பிளோயர் அடித்து, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினால் பழைய வேகம் வரும். இன்றைய லேப்டாப்புக்கும் இதே கதை. மெத்தை மேல் வைத்து மூச்சை அடைக்காதீர்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் உலகம் முழுக்க ஒரு கொள்ளைநோய் வந்தது. மதர்போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குள் ஊற்றிய திரவம் சரியில்லை. தலை உப்பி, பழுப்பாய்க் கசியும். கம்ப்யூட்டர் காரணமில்லாமல் நின்று நின்று எழும். விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றி அலுத்துப்போய்க் கொண்டுவருவார்கள். மூடியைத் திறந்து கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, மறுநாள் ரிச்சி தெருவில் கெப்பாசிட்டரைக் கைநிறைய வாங்கி வந்து, பழையதைப் பிடுங்கிப் புதியதைப் பற்றவைத்த நாட்கள் அவை.

மெதுவாக ஓடுவதற்கு வேறு காரணமும் உண்டு. விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 மெகாபைட் ரேம் போதும் என்றார்கள். ஓடும், நொண்டி நொண்டி. ரேம் பற்றாதபோது டிஸ்க்கின் ஒரு பகுதியை நினைவகமாக அது பயன்படுத்தும். டிஸ்க்கோ ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. முன்பக்கச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் அதுதான் அறிகுறி. 'பிராசஸரை மாத்திடலாமா?' என்று கேட்டு வந்தவர்களில் பலரை ரேம் மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நாலு மாதமும் அரை மணியும்

பிராசஸர் மேல் பழி போடுவது எல்லோருக்கும் சுலபம். அது உண்மையாகவே குற்றவாளியாக நின்றது 1994-இல். அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய கணக்கு ஒன்றைப் பல கம்ப்யூட்டர்களில் போட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் விடையில் ஒரு சிறு வித்தியாசம் தென்பட்டது. அவர் உடனே சிப்பைக் குறை சொல்லவில்லை. தன் புரோகிராமைச் சந்தேகித்தார், கம்பைலரைச் சந்தேகித்தார், மதர்போர்டைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாக விலக்கி, வேறு மெஷின்களிலும் போட்டுப் பார்த்து, அக்டோபரில்தான் பென்டியம் சிப்பின் வகுத்தல் பகுதியில் பிழை என்று உறுதி செய்தார். கடைசியில் இன்டெல் நிறுவனம் சிப்பை மாற்றித்தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. நாலு மாதப் பொறுமையின் பலன் அது.

இனி என் அரை மணி நேரக் கதை.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று உலகெங்கும் கண் விழித்தது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. சில போர்டுகளில் பயாஸையே அழித்தது. டிஸ்க்கில் முதல் ஒரு மெகாபைட்டைத் துடைத்தது. மறுநாள் நம் சங்கத்தின் அன்றைய செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர் வரவே மாட்டேங்குதுப்பா. கொஞ்சம் வந்து பாரேன்."

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பழைய மாணவர் முகவரிகள் அத்தனையையும் இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடித்தவர் அவர். அந்தப் பட்டியல் அதில்தான் இருந்தது. பிரதி கிடையாது. அன்று கடையில் வரிசையாகப் பதினைந்து மெஷின்கள். எனக்கு அவசரம். டிஸ்க்கில் பார்ட்டிஷன் தெரியவில்லை என்றதும் புதிதாகப் பிரித்து, ஃபார்மட் செய்து, விண்டோஸை ஏற்றிவிட்டேன். அரை மணி. "லிஸ்ட்?" என்றார். "வைரஸ் எல்லாத்தையும் தின்னுடுச்சுண்ணே" என்றேன்.

சில வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையை டிஸ்க் இரண்டு நகலாக வைத்திருக்கும். வைரஸ் துடைத்தது முதல் நகலின் பகுதியை. இரண்டாவது பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதை வைத்து மீட்கும் புரோகிராம்களும் வந்துவிட்டன. அந்த இரண்டாவது நகலை அழித்தது வைரஸ் அல்ல. என் ஃபார்மட்.

அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. 'கண்ட கண்ட ஃபிளாப்பியைப் போட்டு நானே கெடுத்துட்டேன்' என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் தன்னையே நொந்துகொண்டபோதும் வாயைத் திறக்கவில்லை. போஸ்ட் கார்டு போட்டு, தெரிந்தவர் தெரிந்தவராக விசாரித்து, பட்டியலை அவர் மறுபடி உண்டாக்கினார். ஆனாலும் முழுசாக வரவில்லை. 2011-இல் அவர் காலமானார். கேட்க வேண்டியவர் இல்லாதபோது உங்களிடம் கேட்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு

டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை. 2007-இல் கூகிள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் போய்விடும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்காம். ஆனால் செத்தவற்றில் கணிசமானவை எந்த எச்சரிக்கையும் தரவில்லை. இப்போதைய எஸ்.எஸ்.டி. வேகத்தில் சிங்கம். பழைய கம்ப்யூட்டருக்கு மறுபிறவியே தரும். ஆனால் அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பது பழைய டிஸ்க்கைவிடக் கடினம்.

ஆகவே என் அனுபவத்தைச் சுருக்கித் தருகிறேன். முதலில் வெளியே பாருங்கள்: பிளக், எர்த், கேபிள். பிறகு மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள்: தூசி, உப்பல், ஆடும் குச்சி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது நோய் என்று தெரியாமல் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால், "உள்ளே என்ன இருக்கு? பிரதி இருக்கா?" என்று கேளுங்கள். மெஷினைக் கடையில் வாங்கலாம். உள்ளே இருப்பதை வாங்க முடியாது.

இம்மலரின் கடைசிப் பக்கங்களில் முகவரிப் பட்டியல் இருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே வெறும் கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோடுகளில் சில என்னுடையவை. அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எழுதித் தாருங்கள். பட்டியல் இப்போது மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. நானே பார்த்து வைத்தேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

— 1985-ஆம் ஆண்டு இயற்பியல் மாணவன்