துபாஷியின் தினப்படி

காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் கையால் எழுத வேண்டும். என்ன எழுதுகிறோம் என்று யோசிக்கக் கூடாது. தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதெல்லாம் தாளில் இறங்கிவிட்டால் மனம் லேசாகிவிடும். ஜூலியா கேமரன் 1992இல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் இது. அவருக்கு முன்பே 1973இல் பீட்டர் எல்போ, கையை நிறுத்தாமல் பத்து நிமிடம் எழுதச் சொன்னார். 1934இலேயே டொரோத்தியா பிராண்ட், விடிந்ததும் யாரோடும் பேசாமல், எதையும் படிக்காமல் எழுத உட்காரச் சொல்லிவிட்டார். இப்போது என் வயதுக்காரர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் இதற்காகவே நூற்றைம்பது ரிங்கிட்டுக்குப் பேனா வாங்கினார்.

யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு ஒரு புதுச்சேரி வியாபாரிதான் ஞாபகத்துக்கு வருவார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761 ஜனவரி வரை, இருபத்து நாலு வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பு வைத்திருந்தார். தொடங்கும்போது, காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் கப்பல்கள் வந்து போவதையும் எழுதப்போவதாகச் சொல்கிறார். மனம், அமைதி என்றெல்லாம் ஒரு பேச்சும் கிடையாது. வியாபாரிக்குக் கப்பல் முக்கியம், அவ்வளவுதான். தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமை என்று போட்டுவிட்டுச் சங்கதிக்குள் இறங்கிவிடுகிறார். பார்ப்பதற்குக் கணக்குப் பிள்ளையின் நோட்டு மாதிரியே இருக்கும்.

ஆனால் அவர் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு அவர் துபாஷி. இரண்டு பாஷைக்காரர் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். கவர்னர் சொல்வதை ஊராருக்குச் சொல்வதும் ஊரார் சொல்வதைக் கவர்னருக்குப் பக்குவமாகச் சொல்வதும் அவர் வேலை. நடுவில் வியாபாரம் பேசணும், நவாபுகளுக்குக் கடிதம் போகணும். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் அடுத்தவர் பேச்சு. அவருடைய சொந்தப் பேச்சு எங்கே போயிருக்கும்? என் பதில், நோட்டுக்குள்.

1748 செப்டம்பரைப் படித்தால் இது தெரியும். பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். வேதபுரீஸ்வரன் கோயிலை இடிக்கக் கவர்னர் உத்தரவு போட்டுவிட்டார். ஊர்ப் பெரியவர்களான மகாநாட்டார் பிள்ளையிடம் வருகிறார்கள். கோயிலைக் கும்பிடுகிறவரும் அவர்தான், இடிக்கச் சொன்னவருக்குத் துபாஷியும் அவர்தான். பிள்ளையால் தடுக்க முடியவில்லை. அன்றைய குறிப்பு நீண்டுகொண்டே போகிறது. இடிக்கச் சொன்னவர்கள் மேல் கோபம், கவர்னரின் மனைவி மேல் கோபம், நேரத்தில் ஒன்றுசேராத நம்மவர்கள் மேலும் கோபம். யார் வந்தார், யார் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னார் என்று ஒன்றுவிடாமல் இருக்கிறது. இதில் ஒரு வரியைக்கூட அவர் கவர்னர் மாளிகையில் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது.

சரி, எழுதி எழுதி மனம் தெளிந்துவிட்டதா என்று கேட்டால், எனக்கு அப்படித் தெரியவில்லை. துய்ப்ளே அம்மாள் மேல் உள்ள ஆத்திரம் வருஷக்கணக்காக ஆறாமல் ஓடுகிறது. 1746இல் தலைமைத் துபாஷி கனகராய முதலி இறந்ததும் அந்தப் பதவி யாருக்கு என்ற கவலை பக்கம் பக்கமாக வருகிறது. கூடவே, கவர்னர் தன்னைப் புகழ்ந்த பேச்செல்லாம் தாராளமாகப் பதிவாகியிருக்கிறது. தனக்குத்தானே எழுதுகிற மனிதன் தனக்குக் கொஞ்சம் சாதகமாகத்தான் எழுதுவான். ‘எழுதினா உண்மை வெளியே வந்துடும்’ என்று சொல்பவர்கள் பிள்ளையைப் படிக்கலாம்.

ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. மாணவர்களை நாலு நாள், தினம் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்கள் முன்பைவிட அதிகமாகத்தான் கலங்கியிருந்தார்கள். பிறகு வந்த மாதங்களில்தான், நடந்ததையும் தங்கள் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. ஆக, பாரம் உடனே இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நம்ம பக்கமும் துபாஷிகள் இருந்தார்கள். நான் இருக்கும் ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்கு 1894இல் மின்சாரம் கொண்டுவந்தவர்கள் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும். மின் பொறியாளன் என்பதால் அந்த வருஷத்தைச் சொல்வதில் எனக்குத் தனிச் சந்தோஷம். அந்தத் தம்புசாமி பிள்ளை, டேவிட்சன் என்ற வெள்ளைக்கார வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து மேலே வந்தவர். அவர் விட்டுப்போனது பத்துமலைக் கோயில். தோட்டங்களில் தினமும் எழுதியவர் கிராணி. விடியுமுன் பெரட்டு முடிந்து செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். பால்மரம் சீவியவர்கள் எழுதப்பட்டவர்கள், எழுதியவர் வேறு.

மலாயாவில் இருந்த இன்னொரு தமிழர், தினமும் எழுதுவதை மனசுக்கான வைத்தியமாகவே ஆக்கினார். பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி. 1913இல் கப்பலேறி வந்து, சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பல வருஷம் வேலை செய்தார். 1923இல் இந்தியா திரும்பி ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். அவர் தன் சீடர்களுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, மந்திரத்தைத் தினமும் மௌனமாக நோட்டில் எழுதும் லிகித ஜபம். நம் பாட்டிமார் ஸ்ரீராமஜெயம் எழுதி நோட்டை நிரப்பியதும் அதே வகைதான். அவர் கொடுத்த இன்னொன்று ஆன்மிக நாட்குறிப்பு. எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபப்பட்டாய் என்று தினமும் கட்டத்தில் எண்ணைப் போட வேண்டும். டாக்டர் அல்லவா, நோயாளியின் அட்டவணையை மனசுக்கும் போட்டுவிட்டார். மூன்று பக்கக்காரர்கள் எண்ணாதே என்கிறார்கள். இவர் எண்ணு என்கிறார். எனக்கு இவர் வழிதான் நம்முடைய பழக்கத்துக்குக் கிட்டே இருப்பதாகப் படுகிறது. பிள்ளையின் நோட்டும் கணக்கு நோட்டின் சாயலில்தானே இருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல எனக்கொரு காரணம் உண்டு. மூன்று பக்கம் எழுதும் என் நண்பர்கள் எல்லாருமே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வீட்டில் தமிழ், சைட்டில் மலாய், மீட்டிங்கில் ஆங்கிலம் என்று நாங்களும் ஒருவகைத் துபாஷிகள்தான். கோபம் வந்தால், அழுகை வந்தால் வாயில் வருவது தமிழ். ஆனால் கை தமிழ் எழுதுவது பலருக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. எஸ்பிஎம் தமிழ் எடுத்தவர்களுக்கு இன்னும் ஐந்து வருஷம். ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்டால், ‘பிழை வரும்லா’ என்கிறார்கள். ர, ற, ன, ண. சிவப்பு மையை நினைத்துத் தன் சொந்த நோட்டிலேயே பயப்படுகிறார்கள்!

ஆனந்தரங்கப் பிள்ளையின் மூலத்தை நம் தமிழாசிரியர் திருத்தினால் சிவப்பு மை தீர்ந்துபோகும். நிறுத்தக்குறி அபூர்வம். வாக்கியம் மூச்சுவிடாமல் ஓடும். போர்த்துகீசியம், பிரெஞ்சு, பாரசீகம், தெலுங்கு என்று துறைமுகத்தில் புழங்கிய சொல்லெல்லாம் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் கிடக்கும். நம்ம பேச்சில் பாசாரும் தாமானும் கலப்பது போலத்தான். அவர் இலக்கியம் செய்யவில்லை, புலவர்கள் என்ன சொல்வார்களோ என்று பார்க்கவும் இல்லை. பேசுகிற தமிழ் அப்படியே தாளில் விழுந்ததால்தான் பிற்பாடு பிரபஞ்சனால் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’ நாவலை எடுக்க முடிந்தது.

அந்த நோட்டுகள் கிடந்த காலமும் ரொம்ப நீளம். 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளும் 1904 முதல் 1928க்குள் வந்துவிட்டன. தமிழில் எழுதியது தமிழில் முழுசாகப் பன்னிரண்டு தொகுதிகளாகக் கைக்கு வர 2019 ஆகிவிட்டது. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்தார்கள். ‘தினப்படி சேதிக்குறிப்பு’ என்று பேர்.

கடைசி வருஷங்களில் பதவி போய், உடம்பும் கெட்டிருந்தது. அப்போதும் எழுதினார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் புதுச்சேரி விழுந்தது. பிள்ளை இறந்ததும் அதே மாதம். பிறகு அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை எழுத ஆரம்பித்தார்.