மலைநாட்டில் நிறைவான காவலர்: தேவனூர் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

காவல் பணிக்குரிய தகுதிகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் உடல்வலிமை, துணிவு, நேர்மை, சட்ட அறிவு என்ற வரிசையிலேயே நகர்கிறது. இவற்றுள் எதையும் வேண்டாததென்று தள்ளிவிட இயலாதெனினும், நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றான தேவனூர் நாடு போன்ற இடத்தில் இவ்வரிசை போதாமல் போகிறது. ஊர் தானே தீர்த்துக்கொள்ளத்தக்க பிணக்கு எது, சட்டம் தலையிட்டே ஆகவேண்டிய குற்றம் எது என்று பிரித்தறியும் திறனே அங்கு நிறைவான காவலரை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாடு என்பது பல சிற்றூர்கள் சேர்ந்த மரபுவழிப் பிரிவு. இன்று அது ஊராட்சியாகவும் இயங்குகிறது. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாத, தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். நில எல்லை, மாடு மேய்ந்த பயிர், கொடுக்கல் வாங்கல், மணமுறிவு முதலியவற்றை ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் முன்னிலையில் பேசித் தீர்ப்பது அவர்களது நெடுநாள் வழக்கம். இத்தகைய ஊரில் காவலர் இரு வகையில் தவறலாம். எல்லாவற்றையும் வழக்காக்கி, கூலியை இழந்து மலையிறங்கி நீதிமன்றத்துக்கு அலையும் நிலைக்கு மக்களைத் தள்ளுவது ஒன்று. பெண்ணொருத்தி தாக்கப்பட்ட செய்தியையும் ‘ஊரிலேயே பேசி முடியுங்கள்’ என்று திருப்பி அனுப்புவது மற்றொன்று. பின்னதே கேடு மிகுந்தது. ஏனெனில் அது மரபுக்கு மதிப்பளிப்பது போலத் தோன்றிக்கொண்டே நிலையத்தின் வேலைப்பளுவையும் குறைத்துவிடுகிறது.

சட்டம் இவ்வெல்லையை ஓரளவு வரைந்தே தந்துள்ளது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தபோது, குடும்பப் பிணக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் முதற்கட்ட விசாரணையை அனுமதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் அத்தகைய விசாரணையை முடிக்க வழிசெய்கிறது. ஆனால் புகார் சொல்ல வந்தவர் தயங்கித் தயங்கிச் சொல்லும் சொற்களுக்குள் எந்தக் குற்றம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்தப் பிரிவும் காட்டாது. அதைக் கண்டறியப் பொறுமையாகக் கேட்கும் செவி வேண்டும்.

இளவயது மணம் இதற்குத் தக்க சான்று. பதினேழு வயதுப் பெண் கருவுற்று மருத்துவமனைக்கு வரும்போது, போக்சோ என்று சுருக்கமாக வழங்கும் 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் மருத்துவரைத் தகவல் தரவும் காவலரை வழக்குப் பதியவும் கட்டாயப்படுத்துகிறது. பதினெட்டு நிரம்பாதவரின் இசைவு அங்கு செல்லாது. பதிவதா வேண்டாமா என்ற தேர்வு காவலருக்கு இல்லையெனினும், எப்படி நடந்துகொள்வது என்பதில் தேர்வு உண்டு. வாக்குமூலத்தைச் சிறுமியின் இருப்பிடத்திலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடை அணியாமல் பதிய வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. சீருடையைக் களைவதும் காவல் திறன்களுள் ஒன்று என்பதை, அதிகாரத்தின் அடையாளமாக அதனைப் போற்றும் துறை ஏற்றுக்கொள்வது எளிதன்று.

மலையாளிப் பழங்குடியினர் காக்கியைக் கண்டு ஒதுங்குவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில், சந்தன மரம் தேடும் பெயரில் 1992 ஜூன் 20 அன்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். தீர்ப்புக்கு முன் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கொல்லிமலை வேறு மலை; ஆயினும் சமூகம் ஒன்றே. ஆகவே அங்கு பணியேற்கும் காவலர் தாம் செய்யாத பிழையின் சுமையோடுதான் வேலையைத் தொடங்குகிறார். அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று எண்ணுபவர் பணியின் முதற்பாடத்திலேயே தோற்கிறார்.

தேர்வு முறையோ நாடாவும் நிறுத்தக் கடிகாரமும் அளக்கக்கூடியவற்றுக்கே இடம் தருகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம், பழங்குடியினராயின் 167 செ.மீ., 1,500 மீட்டர் ஓட்டத்துக்கு ஏழு நிமிடம் என்று வரையறை உண்டு. காது கொடுத்துக் கேட்பதற்கு மதிப்பெண் இல்லை. பெண்களையும் அறுபது கடந்த ஆண்களையும் சாட்சியம் கேட்க நிலையத்துக்கு அழைக்காமல் அவர்கள் வாழுமிடத்துக்கே செல்ல வேண்டும் என்னும், மேற்சொன்ன சன்ஹிதாவின் 179ஆம் பிரிவைக் காவலர் மனப்பாடமாகச் சொல்லலாம். அதன்படி ஒற்றையடிப் பாதையில் நடந்து குடியிருப்பை அடைவது வேறு. அப்படி நடந்து பழகியவர் சேர்த்துக்கொண்ட அறிவு, அதாவது எந்த ஊரில் யார் சொல் எடுபடும், எந்த வீட்டுப் பெண் வாய்திறக்க அஞ்சுகிறாள் என்பன, இடமாற்ற ஆணையோடு அவருடனேயே மலையிறங்கிவிடுகிறது. மலைநிலையங்களில் பணிக்காலத்தை நீட்டுவதும், பொறுப்பேற்பவர் முன்னவரோடு சில வாரங்கள் சேர்ந்தே நாடுகளைச் சுற்றிவர வகைசெய்வதும் இந்த இழப்பைக் குறைக்கும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.