எட்டாம் வகுப்பு போதும்



1950-ல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. நம் ஐ.டி.ஐ.கள் அதில் வளர்ந்தவை. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம், உதவித்தொகையோடு ஆலைக்குள்ளேயே பழக வழி செய்தது. 1960-களில் திருச்சி திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை எழுந்தது. பாய்லர் என்றால் குழாய்கள். குழாய்களை இணைப்பது வெல்டிங். உள்ளே உயர் அழுத்த நீராவி. பற்றில் சிறு குறையும் ஆபத்து. அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

வெல்டர் பிரிவில் சேர எட்டாம் வகுப்பு போதும், ஓராண்டுப் படிப்பு. இது தெரியாமல், பத்தாம் வகுப்பில் தவறிய மாணவனிடம் "இனி உனக்கு வழியில்லை" என்றேன். அவனே விசாரித்துச் சேர்ந்தான். பின்னாளில் என் வீட்டு கேட்டைப் பற்றவைத்துவிட்டு, காசு வாங்க மறுத்தான். நான்தான் தலைகுனிந்தேன்.

உங்கள் வீட்டில் தவறிய பிள்ளை இருந்தால், திட்டுமுன் இதைச் சொல்லுங்கள்.