ரெண்டு வருஷ பேட்ஜ்

1948, ஜூலை 5. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமான நாள். காய்ச்சலா, பிரசவமா, பல்வலியா? வா, காசு வேண்டாம் என்றது அரசாங்கம். ஜனங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சரி, வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள்? அதுதான் இல்லை!

எல்லா ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் பஞ்சம். மனநல ஆஸ்பத்திரிகளில் பஞ்சத்திலும் பஞ்சம். 1950-களின் நடுவில் இங்கிலாந்து, வேல்ஸ் மனநல ஆஸ்பத்திரிகளில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். வடக்கு லண்டனில் ஃப்ரையர்ன் என்று ஓர் ஆஸ்பத்திரி. 1851-ல் திறந்தது. தாழ்வாரத்தின் நீளமே அரை கிலோ மீட்டருக்கு மேல். இரண்டாயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரி ஊருக்கு ஊர் ஒன்று.

உள்ளூர்ப் பெண்கள் ஏன் வரவில்லை? யுத்தம் முடிந்து ஃபேக்டரி, கடை, ஆபீஸ் என்று வேலைகள் வரிசை கட்டி நின்றன. இங்கேயோ இடுப்பில் சாவிக்கொத்து, நீண்ட ஷிஃப்ட், சொற்பச் சம்பளம். போதாக்குறைக்கு, ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா வேலை பார்க்கிறே?’ என்ற கேள்வி வேறு. யாருக்குத்தான் மனசு வரும், நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்து அயர்லாந்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். பற்றவில்லை. 1949-ல் கரீபியன் தீவுகள் பக்கம் திரும்பினார்கள். ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட்... எல்லாம் பிரிட்டிஷ் காலனிகள். ஆங்கிலம் தெரியும். பள்ளிக்கூடச் செலவைத் தீவுக்காரர்கள் செய்தாயிற்று. ஆள் மட்டும் வந்தால் போதும். எனக்குத் தெரிந்த கணக்கில், முதல் போடாமல் வரும் லாபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரி, வெள்ளைத் தொப்பி, மூணு வருஷப் படிப்பு, அப்புறம் ஊர் திரும்பி கௌரவமான உத்தியோகம். கப்பல் ஏறியபோது பல பெண்கள் கண்ட கனவு இதுதான். இறங்கிய பிறகு அவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது, உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களுக்கு. மனநோயாளிகள் வார்டு, முதியோர் வார்டு, நாள்பட்ட நோயாளிகள் வார்டு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

பிரிட்டனில் நர்ஸ் இரண்டு ரகம். மூணு வருஷம் படித்தால் ‘ரிஜிஸ்டர்டு’. ரெண்டு வருஷம் படித்தால் ‘என்ரோல்டு’. 1943-ம் வருஷத்துச் சட்டம் கொண்டுவந்த சின்ன ரகம் அது. வந்தவர்களில் பலரை வித்தியாசத்தை விளக்காமலேயே இரண்டாவதில் தள்ளிவிட்டார்கள். அந்தச் சான்றிதழுக்கு அவர்கள் சொந்த ஊரில் மதிப்பில்லை!

புரிகிறதா? அஞ்சு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள், திரும்பினால் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. இங்கேயோ பெரிய பதவிக்கு வழியில்லை. முன்னாலும் கதவு, பின்னாலும் கதவு. இடுப்புச் சாவிக்கொத்தில் இந்த இரண்டுக்கும் சாவி கிடையாது.

1960 முதல் 63 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் இனாக் பவல். அவருடைய ஆஸ்பத்திரிகளில் இந்தக் கைகள்தான் நோயாளிகளைக் குளிப்பாட்டின, சோறு ஊட்டின. 1968-ல் அதே பவல், குடியேறிகளால் தேசத்துக்கே ஆபத்து என்று பர்மிங்ஹாமில் முழங்கினார். அன்று இரவும் அவர்கள் நைட் டியூட்டிக்குப் போனார்கள்.

என்ரோல்டு பயிற்சியைப் பிற்பாடு நிறுத்திவிட்டார்கள். ஃப்ரையர்னும் 1993-ல் மூடப்பட்டு, இப்போது சொகுசு ஃப்ளாட்டுகளாக நிற்கிறது. ஏழை நாட்டு நர்ஸ்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் நெறிமுறை வகுத்தது. ஆனாலும் ஆள் தேடுவது நிற்கவில்லை. 2022-ல் இந்தியாவுடனும் பிரிட்டன் ஓர் ஒப்பந்தம் போட்டது.

உங்கள் வீட்டுப் பெண்ணோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ அந்த ஃப்ளைட்டில் ஏறலாம். தாராளமாகப் போகட்டும். சம்பளம் எத்தனை பவுண்டு என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: ‘எந்த வார்டு? என்ன பதவி? அங்கே வாங்குகிற சான்றிதழ் இங்கே செல்லுமா?’

அந்தத் தீவுப் பெண்களுக்கு இதைக் கேட்கச் சொல்லித்தர ஆள் இல்லை.