நக்கவாரத்துக்கு எத்தனை நாள்?

ஊரிலிருந்து உறவுக்காரர் யார் பேசினாலும் கேட்பது, "சென்னையிலிருந்து அந்தமான் எவ்வளவு தூரம்?" என்றுதான். கணக்கு எளிது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் சுமார் 12½ டிகிரி. இந்த அட்சரேகைப் பக்கம் ஒரு டிகிரி சுமார் 109 கிலோமீட்டர். பெருக்கினால் 1,360 சொச்சம். கொஞ்சம் தெற்கே சாய்வதால் 1,370 என்று வைத்துக்கொள்ளலாம். விமானத்துக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம்.

ஆனால் பழைய கடலோடிகள் தூரத்தைக் கேட்கவில்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டார்கள். 671-இல் சீனாவிலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாளில் அம்மண மக்களின் நாடு என்றும், அங்கிருந்து வங்கத்துத் தாமிரலிப்திக்கு அரை மாதம் என்றும் எழுதிவைத்தார். அந்த நாடு நிக்கோபார் என்பதே பெரும்பாலோர் கருத்து. நக்கவாரம் என்ற பெயரிலும் 'நக்கம்', அதாவது நிர்வாணம், இருக்கிறது என்பார்கள். திகம்பர முனிகளை வணங்குகிற எங்களவர்க்கு அந்தச் சொல்லில் இழிவு ஒன்றும் தெரியாது.

1030-ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டில், இராசேந்திர சோழன் வென்ற இடங்களுள் மாநக்கவாரமும் வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கார் நிக்கோபார் சுமார் 1,430 கி.மீ. நாகை இருப்பது 10¾ டிகிரி வடக்கில். அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரி கால்வாய், பெயரே சொல்வதுபோல் 10-இல். வடதிசை விண்மீன்களின் உயரம் அதிகம் மாறாமல் கிழக்கே ஓட்டினால் தீவு கண்ணில் படும். காற்று ஒத்துழைத்து மணிக்கு நாலு கடல்மைல் ஓடினால் எட்டு நாள்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சோழர் கடற்படைத் தளம் இதே ஊரில்தான் இருந்ததுன்னு நம்மாளுங்க மேடையில் முழங்குறாங்க. கேட்க இனிக்குது, இல்லேங்கல. ஆனால் கல்வெட்டு சொல்வது நக்கவாரத்தை. கார் நிக்கோபாரே இங்கிருந்து தெற்கே சுமார் 275 கி.மீ. தளம் என்ற பேச்சும் அதில் கிடையாது. கல்லில் இல்லாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாமே. இருப்பதே பெரிய பெருமை.

1858 மார்ச் 4 அன்று கல்கத்தாவில் புறப்பட்ட செமிராமிஸ் கப்பல், 200 கைதிகளை 10-ஆம் தேதி இங்கே கொண்டுவந்தது. ஆறு நாள். நான் 1980-களில் கடைச் சரக்கோடு சென்னைக் கப்பலில் வந்தபோது மூன்று இரவு. இன்றும் கப்பல் சுமார் அறுபது மணி நேரம் வாங்கும். அந்தக் காலத்தில் ஊரில் சாவு என்று தந்தி வந்து கப்பல் ஏறியவர் தகனத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை, காரியத்துக்குத்தான். விமானம் இருந்ததே என்பீர்கள். அதில் ஏறக் காசு நம்மில் எத்தனை பேரிடம் இருந்தது?

ஒன்று மட்டும் மாறவில்லை. 12½ டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு 50 நிமிடம். கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றே, பொழுது ஒன்றல்ல. இருட்டுமுன் உண்டு முடிக்கும் எங்கள் வீட்டில் மார்கழியில் ஐந்து மணிக்குள் இலை எடுத்தாக வேண்டும். சென்னையில் அண்ணன் வீட்டில் அப்போதுதான் அரிசி களைவார்கள்.