மேய்ச்சல் நிலமும் அருகிவரும் உயிரினமும்: அச்சம் நீக்கும் சட்டமும் அதன் எல்லையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களைக் காப்பதற்கென 1973இல் இயற்றப்பட்ட சட்டம், பட்டியலிடப்பட்ட விலங்கைக் கொல்வதையும் துன்புறுத்துவதையும் மட்டுமன்றி, அது சாகும் அளவுக்கோ காயமுறும் அளவுக்கோ அதன் வாழிடத்தைச் சிதைப்பதையும் குற்றமாகக் கொண்டது. இந்த விரிந்த பொருள்கோள் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆனால் பட்டியலில் உள்ள உயிரினங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை தனியார் நிலத்தையும் சார்ந்து வாழ்பவை. அந்நிலத்தில் பெரும்பரப்பு மாடு மேய்க்கவும் பயிரிடவும் மரம் வளர்க்கவும் பயன்படுவதால், அதை ஆளும் குடும்பம் ஒரு விலங்கை வரவேற்கிறதா வெறுக்கிறதா என்பதைப் பொறுத்தே பல இடங்களில் அவ்விலங்கின் பிழைப்பு அமைகிறது. அவ்வரவேற்புக்குத் தண்டனை பற்றிய அச்சம் நீங்குவது முதல் நிபந்தனை. எனினும் அது மட்டும் போதாது, காப்பதால் வரும் இழப்பையும் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அச்சம் என்ன செய்யும் என்பதற்கு வட கரோலைனாவின் பைன் காடுகள் சான்று. அங்குள்ள ஒருவகை மரங்கொத்தி, முதிர்ந்த, உயிருள்ள பைன் மரங்களில் மட்டுமே பொந்து குடைந்து வாழும் அருகிய பறவை. பறவைக் கூட்டங்களுக்கு அருகில் நிலம் வைத்திருந்தோர், பின்னாளில் மரம் வெட்டத் தடை வரும் என்று அஞ்சி, மரங்கள் முதிர்வதற்கு முன்பே வெட்டிவிட்டனர் என்பதைப் பொருளியலாளர்கள் டீன் லூயிக்கும் ஜெஃப்ரி மைக்கேலும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பறவையைக் காக்க வந்த சட்டமே அதன் எதிர்கால வீட்டை அழிக்கத் தூண்டியது. அப்பகுதியில் 1995இல் தொடங்கிய ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்னும் உடன்படிக்கை முறை இந்தத் தூண்டுதலைத் தலைகீழாக்கியது. உடன்படிக்கை செய்யும் நாளில் நிலத்தில் எவ்வளவு வாழிடம் இருக்கிறதோ அது தொடக்க அளவாகக் குறிக்கப்படும். உரிமையாளர் தம் முயற்சியால் அதைப் பெருக்கினால், பெருகிய பகுதிக்காக அவர் மீது புதிய கட்டுப்பாடு எதுவும் விழாது. தொடக்க அளவுக்கே திரும்பிச் செல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதைச் சூழலியல் ஆர்வலர் சிலர் சட்டத்தின் தோல்வியாகக் கருதினர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று, உடன்படிக்கை இல்லாத நிலையில் அந்தப் பெருகிய பகுதி உருவாகியிருக்கவே வாய்ப்பில்லை.

இம்முறையின் வலிமையும் எல்லையும் ஒருசேர வெளிப்படுவது கருங்கால் ஃபெரட்டின் வரலாற்றில்தான். நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறு ஊனுண்ணி, வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும், அணில் குடும்பத்துக் கொறிணியான பிரெய்ரி நாயை இரையாகவும் அதன் வளையை உறைவிடமாகவும் கொண்டது. மாட்டுக்கு உரிய புல்லைப் பிரெய்ரி நாய் தின்றுவிடுகிறது என்று கருதிய பண்ணையாளரும் அரசும் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் அதை நஞ்சிட்டுக் கொன்றனர். வெளிநாட்டிலிருந்து கப்பல் வழி வந்த பிளேக் நோய் எஞ்சியவற்றையும் வாரிச் சென்றது. இரை அழிந்தபோது ஃபெரட்டும் அழிந்தது. கூண்டில் எஞ்சியிருந்த கடைசி ஃபெரட் 1979இல் இறந்த பின் இனமே முற்றாக மறைந்ததாகக் கருதப்பட்டது. ஆனால் 1981 செப்டம்பரில் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி ஊருக்கு அருகே ஒரு பண்ணை நாய் இறந்த ஃபெரட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததன் வழியே, பண்ணை நிலங்களில் ஒரு கூட்டம் எஞ்சியிருந்தது தெரியவந்தது. அந்தக் கூட்டத்தையும் பிளேக்கும் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயும் தாக்க, 1987ஆம் ஆண்டு வாக்கில் 18 விலங்குகளே பிடித்துக் காக்கப்பட்டன. அவற்றுள் ஏழின் வழித்தோன்றல்களே இன்றுள்ளவற்றில் ஏறத்தாழ அனைத்தும்.

கூண்டில் பெருக்கிய விலங்கை நிலத்தில் விட அயலாரின் இசைவு வேண்டும். அதற்கு உதவியது, 1982இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ‘சோதனைக் கூட்டம்’ என்னும் ஏற்பாடு. மீண்டும் விடப்படும் விலங்குக் கூட்டத்துக்குத் தனி விதிகள் வகுத்து, சட்டப்படியான வேலையின்போது தற்செயலாக நேரும் சாவுக்குத் தண்டனை இல்லை என்று உறுதியளிக்க இது இடம் தருகிறது. 1991இல் வயோமிங்கின் ஷெர்லி பேசினில் தொடங்கிய மறுகுடியேற்றம் இவ்வகையில் நடந்தது. 2013இல் தனியார் நிலங்களுக்கென ஃபெரட்டுக்கே உரிய பாதுகாப்பான துறைமுக உடன்படிக்கை வந்தது. 2016இல், கடைசிக் கூட்டம் கண்டெடுக்கப்பட்ட மீட்டீட்சியின் பண்ணைகளிலேயே ஃபெரட் மீண்டும் விடப்பட்டது. பண்ணையாளர் சிலர் இதை மனமுவந்து செய்தனர். அவர்களுடைய பங்கைப் பூங்கா நிர்வாகத்தாலோ விலங்குக் காட்சிசாலையாலோ ஈடுசெய்ய இயலாது.

ஆயினும் ஃபெரட்டைப் பற்றிய அச்சம் நீங்கியதால் பிரெய்ரி நாயைப் பற்றிய வெறுப்பு நீங்கிவிடவில்லை. கான்சஸ் மாநிலத்தின் லோகன் மாவட்டத்தில் 2007இல் சில பண்ணையாளர்கள் தம் நிலத்தில் பிரெய்ரி நாய்களை வாழவிட்டு, ஃபெரட்டை வரவேற்றனர். பிரெய்ரி நாய் எல்லை தாண்டிப் பரவுவதாக அண்டை நிலத்தார் முறையிட, மாவட்ட நிர்வாகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, உரிமையாளர் விரும்பாவிட்டாலும் அவர் நிலத்தில் நஞ்சிட்டு அதன் செலவையும் அவரிடமே வசூலிக்க முற்பட்டது. வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு அளிக்கும் உறுதிமொழி அண்டை நிலத்தாரின் இழப்பைத் தீர்ப்பதில்லை. காக்கப்பட வேண்டிய உயிரினம் வேலியை மதிப்பதுமில்லை. ஆகவே உடன்படிக்கையின் அலகு பண்ணையாக இருத்தல் போதாது, ஊராக இருத்தல் வேண்டும்.

ஊரே அலகானதற்கு அரிசோனா–நியூ மெக்சிகோ எல்லையில் 1994இல் பண்ணையாளர்களே அமைத்த மால்பாய் எல்லைநிலக் குழு எடுத்துக்காட்டு. அங்கே ஏறத்தாழ 3,20,000 ஏக்கர் கொண்ட கிரே பண்ணை ‘புல் வங்கி’யாகச் செயற்பட்டது: வறட்சியில் தம் நிலம் காய்ந்துபோன அயலார் தம் மாடுகளை அங்கே மேய்த்துக்கொள்ளலாம், அம்மேய்ச்சலின் மதிப்புக்கு ஈடாக, தம் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதில்லை என்று நிரந்தரமாக எழுதிக்கொடுப்பர். இம்முறையில் மாடும் பிழைத்தது, நிலமும் துண்டுபடாமல் நின்றது, அந்நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த உயிரினங்களும் அதனுடன் காக்கப்பட்டன. 1996இல் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான வார்னர் கிளென், பெலன்சிலோ மலையில் தம் வேட்டை நாய்கள் வளைத்த ஜாகுவார் ஒன்றைச் சுடாமல் படமெடுத்து உலகுக்கு அறிவித்தார். ஜாகுவாரால் கொல்லப்படும் மாட்டுக்கு ஈடு தரக் குழு நிதியும் திரட்டியது. அவ்விலங்கு தம் பகுதியில் இருப்பதை ஒரு பண்ணையாளர் மறைக்காமல் அறிவித்தது நற்பண்பால் மட்டும் விளைந்ததன்று. அறிவிப்பவர் தனித்து விடப்படமாட்டார் என்று நம்ப, அயலார் கூடி அமைத்த குழு முன்பே இருந்ததும் அதற்குக் காரணம்.

நகரத்தார் விரும்பும் உயிரினத்தின் செலவைச் சிற்றூர்க் குடும்பம் தனியே சுமப்பது நீதியன்று, நடைமுறையிலும் நிலைக்காது. ஃபெரட்டுக்கான 2013ஆம் ஆண்டு மீட்புத் திட்டம், இனம் பட்டியலிலிருந்து நீங்க, வனத்தில் இனப்பெருக்கம் செய்யும் 3,000 முதிர்ந்த விலங்குகள் குறைந்தது 30 இடங்களில் வாழ வேண்டும் என்கிறது. இன்று வனத்தில் இருப்பவை சில நூறு மட்டுமே. அந்த இடைவெளியை நிரப்பத் தேவையான பிரெய்ரி நாய் வளைகளில் பெரும்பகுதி மாடு மேயும் நிலங்களில்தான் அமைய முடியும்; அவற்றுக்கு விலை கொடுக்க அமெரிக்க அரசு இன்னும் போதிய அளவு முன்வரவில்லை.